நிலாவரைத் தூசி

இலை மில்லில் அவளுக்கு ரேடியோ என்று பேர். பேர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. காலையில் மில் கேட்டுக்குள் கால் வைக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் சங்கு ஊதின பிறகும் மூடாது. சல்லடை ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. அவள் பேசுவது மட்டும் அந்தக் கோடியில் மூட்டை தைக்கிறவர்கள் வரைக்கும் போகும். யார் வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் முட்டிக்கொண்டது, எந்தக் கடைக்காரன் தராசுத் தட்டில் விரலை வைத்து நிறுக்கிறான், மானேஜரின் தொப்பை ஏன் அவருக்கு முன்னாலேயே ஆபீசுக்குள் நுழைகிறது, எல்லாம் அவளிடம் வந்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும்.

மில்லில் அரைபடுவது நிலாவரை. ஊரைச் சுற்றியிருக்கிற காய்ந்த நிலத்தில் வேறு எதுவும் சரியாக வராது. அது மட்டும் வரும். முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாத செடி. பூக்கிற காலத்தில் தரையோடு தரையாக மஞ்சளாகக் கிடக்கும். பார்க்க அப்பிராணி மாதிரி இருக்கும். அதன் இலையைக் காயவைத்துப் பொடித்துத் தின்றால், எப்பேர்ப்பட்ட கட்டுண்ட வயிறும் இளகிவிடும். மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போகிறது.

"நாம ஒரு வாரம் கையக் கட்டிக்கிட்டு நின்னா போதும், பாதி உலகம் உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கும்" என்பாள் ரேடியோ. புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்களுக்கு அந்தத் தூசியே முதல் சில நாள் வயிற்றைக் கலக்கிவிடும். வெட்கப்பட்டு மூலையில் நெளிகிறவளைத் தோளைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, "போ, போ. இங்க எல்லாரும் இந்த வழியா வந்தவங்கதான்" என்று அனுப்பி வைப்பாள்.

அவள் புருஷன் அதே மில்லில் அரவை மிஷின் ஓட்டினார். மிஷின்காரர் என்றால்தான் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "இவருக்குக் கடவுள் குடுத்த பேச்சையும் சேத்து எனக்கே குடுத்துட்டான். எங்க போய்த் திருப்பிக் குடுக்கறது?" என்று அவர் எதிரிலேயே சொல்லுவாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு பெல்ட்டுக்கு மெழுகு தடவப் போய்விடுவார்.

களத்தில் காய்ந்த இலை முதலில் பெண்களிடம் வரும். முழு இலை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். உடைந்த இலை மிஷினுக்குப் போகும். மிஷினிலிருந்து பொடி சல்லடை ரூமுக்கு. அந்த ரூமில்தான் அவளுக்கு வேலை. ஆளுயரத்துக்கு இரண்டு சல்லடை, மோட்டாரில் குலுங்கிக்கொண்டே இருக்கும். ஜன்னல் இரண்டையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மாலையில் வெளியே வரும்போது புருவம், இமை, காது மடல் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பூசினது மாதிரி இருக்கும். மூக்கைச் சிந்தினால் அதுவும் அதே நிறம்.

"ஜன்னலத் தெறந்து விடுங்க சார், கொஞ்சம் காத்து வரட்டும்" என்று ஒருமுறை கேட்டாள்.

மானேஜர் கெட்டவர் இல்லை. "தெறந்தா தெருவுல இருக்கறவங்க சண்டைக்கு வர்றாங்கம்மா, காயப்போட்ட துணியெல்லாம் பாழாப்போகுதுன்னு. மூடினா நீங்க வர்றீங்க. நான் எந்தப் பக்கம்தான் போறது?" என்றார். அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். அதோடு விட்டுவிட்டாள்.

வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் தும்மல் ஆரம்பித்தது. அடுக்கடுக்காக வரும், நிற்காது. கண் அரித்து இரண்டும் சிவந்து போகும். சளிதான் என்று நினைத்துக் கஷாயம் குடித்தாள். மழை போயும் சளி போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"அம்மா, உனக்குள்ள யாரோ விசில் அடிக்கறாங்க."

"ரேடியோ இல்லையா, ஸ்டேஷன் சரியா பிடிக்கல" என்றாள் அவள். மகள் சிரித்தாள். மிஷின்காரர் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

விடுமுறை நாளில் நெஞ்சு லேசாக இருக்கும். அடுத்த நாள் மில்லுக்குப் போனால் மதியத்துக்குள் இழுப்பு வந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சல்லடை ரூம் பெண்கள் அவள் கதையின் பாதியில் நிற்கும்போது முதலில் கேலி செய்தார்கள். "என்னக்கா, பேட்டரி தீந்து போச்சா?" அப்புறம் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"இலை மில்லுல சலிக்கறேன்."

"லீவு நாள்ல இளைப்பு எப்படி இருக்கு?"

"லீவு நாள்ல நல்லாத்தான் இருக்கேன். லீவு நாள்ல யாருதாங்க நல்லா இல்ல?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தத் தூசி உங்களுக்கு ஆகல. சில பேரு காலம் பூரா அதுலயே கெடந்தாலும் ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு ஒரு கட்டத்துல உடம்பு முடிவு பண்ணிடும், இது வேண்டவே வேண்டாம்னு. அதுக்கப்புறம் துளி போதும். வேலைய விட்டுடுங்கம்மா. மருந்து தர்றேன், ஆனா மருந்தைப் போட்டுக்கிட்டே அங்க போனீங்கன்னா ஒரு நாள் மருந்தும் கேக்காது."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வந்து, முகத்தில் கட்டுகிற துணியை இரண்டு மடிப்பாக்கிக்கொண்டு மறுநாளும் போனாள். மானேஜரே பார்த்துவிட்டு, களத்தில் இலை பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். திறந்த வெளிதானே என்று அவளுக்கும் நம்பிக்கை. காற்று அடித்த ஒரு மத்தியானம் இலைக் குவியலுக்கு நடுவிலேயே முட்டி போட்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தோடு மில் முடிந்தது.

ஆனால் மில் அவளை விடவில்லை. மிஷின்காரர் வேலை முடிந்து வீட்டுப் படியேறும்போதே அவளுக்கு மூக்கு நமைக்கும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நெஞ்சு அடைக்கும். முதலில் இருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும், அவர் மில் குழாயடியிலேயே குளித்துவிட்டு, வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார். குளிர் காலத்திலும் அப்படித்தான். வேலைத் துணி வீட்டுக்கே வராது.

"உங்க அப்பாவுக்கு இந்த வயசுல மாப்பிள்ளை மாதிரி குளிச்சு முழுகி வரணும்னு எழுதியிருக்கு பாரு" என்று மகளிடம் சொல்லுவாள். மருந்துக் குழாயை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சமாளித்தாள். கொஞ்ச காலம் நன்றாகவே போயிற்று.

மகளின் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை முடிவு வந்த அன்று, செய்தி முதலில் மில்லுக்குத்தான் வந்தது. மகள் நல்ல மார்க் வாங்கித் தேறியிருந்தாள். கல்லூரியில் இடம் நிச்சயம். மிஷின்காரர் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், மிஷினைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு, தெருவெல்லாம் ஓடி வந்தார். ஓடுகிறவர் இல்லை அவர். குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சந்தோஷத்தில் எங்கே நினைவிருக்கும்? உள்ளே வந்து, "பாஸாயிட்டாடி, பாஸாயிட்டா!" என்று கத்தி, அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், பகலில், கதவு திறந்திருக்க, அவர் அவளைக் கட்டிப்பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

அவளும் விலகவில்லை. அவள் தள்ளியிருக்கலாம். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு அழுகையா இழுப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. உதடு நீலமானது. மகள் தெருவுக்கு ஓடி ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவியைத் தூக்க வந்தபோது, மகள், "நீ தொடாதப்பா!" என்று கத்தினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். அப்படியே நின்றார்.

பிழைத்து எழுந்தாள். அவர், "மிஷின விட்டுடறேன்" என்றார்.

"விட்டுட்டு? புள்ள காலேஜுக்குப் போகணும். வேற என்ன வேலை தெரியும் உங்களுக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன். படிப்பு முடியற வரைக்கும்."

தங்கச்சி வீடு ஊரின் மறுகோடியில், சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மாடியில். ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை. தங்கச்சி புருஷன் முகம் சுளிக்காத மனிதர். சுளிக்க அவருக்கு நேரமும் இல்லை, லாரியில் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். மகள் அப்பாவோடு இருந்து அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

விடுமுறை நாளில் மிஷின்காரர் தலைக்குக் குளித்து, தனியாக எடுத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். ஆனாலும் மாடி ஏற மாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் மகள் போட்ட சத்தம் அவர் காதில் இன்னும் இருந்தது. தெருவிலேயே நிற்பார். அவள் ஜன்னலில் நிற்பாள். முதல் சில தடவை இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குப் பேச மூச்சு இல்லை. அவருக்குப் பேசிப் பழக்கம் இல்லை.

பிறகு ஒரு நாள் அவர் பேச ஆரம்பித்தார். பெல்ட் அறுந்து மேஸ்திரியின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போனது. காலி மூட்டைக்குள் பூனை குட்டி போட்டது. அதை எடுக்க மனசில்லாமல் மானேஜரே அந்த மூட்டையை ஒதுக்கி வைக்கச் சொன்னது. சைக்கிள் கடைக்காரன் ரிம்மைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குப் பேசினார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமினால் அவர் நிறுத்துவார். அவள் கையை ஆட்டி, 'ம், சொல்லுங்க' என்பாள்.

"யாரு, நம்ம மிஷின்காரரா?" என்று ஊரில் நம்பாதவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கல்லூரி முடிந்தது. மகளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் ஒரு அச்சகத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். ரேடியோவுக்கு ஒரே சந்தோஷம். இனி அவர் மிஷினை விடலாம், வீட்டுக்குப் போகலாம் என்று துணிகளைக்கூட மடித்து வைத்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று அவர்தான் இழுத்தார்.

ஒரு நாள் மகள் மாடிக்கு வந்தவள், பேசிக்கொண்டிருக்கும்போதே தும்மினாள். அடுக்கடுக்காகத் தும்மினாள். கண்ணைப் புறங்கையால் தேய்த்தாள். ரேடியோ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க வேல பாக்கற?"

"அச்சகத்துலதாம்மா. சொன்னேனே."

மகள் இறங்கிப் போனதும் ரேடியோ தங்கச்சி பக்கம் திரும்பினாள். தங்கச்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "மில் ஆபீஸ்லதான்க்கா. கண்ணாடி போட்ட ரூமாம். தூசியே வராதாம். மாமாதான் மானேஜர்கிட்டக் கேட்டு வாங்கிக் குடுத்தாரு. உன்கிட்டச் சொன்னா நீ விட மாட்டேன்னு..." என்றாள்.

மறுநாள் காலையில், தங்கச்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் மாடியிலிருந்து இறங்கினாள். மருந்தை அழுத்திக்கொண்டாள். முந்தானையை நனைத்து மூக்கில் சுற்றிக்கொண்டாள். கடை வாசல்களில் உட்கார்ந்து உட்கார்ந்து மில்லுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து குறுக்கே கையை நீட்டினார். "அக்கா, நீ உள்ள வரக்கூடாது. நான் கூப்பிட்டுட்டு வர்றேன், நீ இங்கயே இரு." அவள் அவர் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள்.

கண்ணாடி ரூமில் மகள் இல்லை. அங்கே இருந்த பெண், "சல்லடைல ஆள் கொறைச்சல்னு எடை பாக்க அனுப்பியிருக்காங்க. இன்னைக்கு மட்டும்தான்..." என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். களத்தைத் தாண்டினாள். இலை பிரிக்கிற பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாருக்கும் அவளைத் தொடப் பயம். அவர்கள் கையெல்லாம் இலை.

சல்லடை ரூம் கதவைத் தள்ளித் திறந்தபோது உள்ளே மூடுபனி மாதிரி இருந்தது. மகள் தராசுக்குப் பக்கத்தில், முகத்தில் துணி கட்டி, இமையெல்லாம் மஞ்சளாக நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் அலறினாள். "அம்மா! வெளிய போ! நான் வர்றேன், வந்துடறேன், நீ போ முதல்ல!"

ஊருக்கெல்லாம் பேச்சு வைத்திருந்தவள் தூசிக்குள் நேரே நடந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். அரவை ரூமிலிருந்து மிஷின்காரர் பார்த்துவிட்டுச் சுவிட்சை அடித்து அணைத்தார். மில் முழுக்கச் சத்தம் அடங்கியது. அந்த நிசப்தத்தில் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அவர் வாசலில் நின்றார். கிட்டே வர முடியாது, வராமலும் இருக்க முடியாது. அவரைத் தாண்டும்போது அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் கடைசி வரை யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை.

கேட்டுக்கு வெளியே வரும் வரை பிடியை விடவில்லை. வந்ததும் விழுந்தாள்.

அந்த முறை ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருக்க வேண்டி வந்தது. உயிர் தங்கிவிட்டது. நுரையீரல்தான் பழையபடி ஆகவில்லை. "இனிமே இவ்வளவுதான்" என்று டாக்டரம்மா மிஷின்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவர் மிஷின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய வீட்டைக் காலி செய்து, துணி, பாய், தலையணை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். மூவரும் ஒரே கூரைக்குக் கீழே. ஆனால் ரொம்ப நாள் அவள் அவரோடு பேசவில்லை. கோபத்தில் பேசவில்லையா, மூச்சில்லாமல் பேசவில்லையா என்று அவருக்கும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. மகளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. தும்மல் குறைந்தது. ஆனால் பனிக்காலத்தில் அவளுக்குள்ளும் இலேசான விசில் கேட்கும். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மருந்தை அழுத்துவாள். அம்மா தூங்கியிருக்க மாட்டாள்.

மிஷின்காரர் ஏதேதோ வேலைக்கு அலைந்து, கடைசியில் பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் அதைச் சொன்னார்.

"மில்லுல இருந்து... அனுப்பி வச்சீங்க" என்றாள். மூச்சு இழுத்துக்கொண்டாள். "இங்க உக்காந்து... வரவேற்கறீங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவள் கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள். சுத்தமான தலை. அவளை ஒன்றும் செய்யவில்லை.

அதன் பிறகு அவள் பேச்சே அப்படி ஆகிவிட்டது. முன்பு ஒரு கதையை ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சொல்லுகிறவள், இப்போது கடைசி வரியை மட்டும் சொல்லுவாள். மீதியை அவர் சொல்லுவார். சாயங்காலம் வந்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கழிப்பறைக்கு வந்த ஜனங்களைப் பற்றிச் சொல்லுவார். மில்லில் வெளிக்காற்றாடி வைத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. ஜன்னலை உடைத்து, தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய காற்றாடி. "எங்க தள்ளுது?" என்று கேட்டாள். "தெருவுலதான்" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்படிக் கொஞ்ச வருஷம் ஓடியது. ஒரு மழைக்காலக் காலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அவர் அவளுக்கு முதல் நாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தன் வெளியே வந்து, வேலை ஒன்றும் நடக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை பிடித்தானாம். "நான் என்னய்யா பண்ணுவேன், உள்ள வந்து நான் தள்ளிவிடவா முடியும்னேன்" என்று சொல்லிவிட்டு, அவள் சிரிப்புக்காகக் காத்திருந்தார். கடைசி வரியை அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார்.

அன்று மத்தியானம் மில்லிலிருந்து பெண்கள் வந்தார்கள். சல்லடை ரூம், களம், மூட்டை தைக்கிறவர்கள் என்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். எல்லோர் தலையும் ஈரம். அவரவர் வீட்டுக்குப் போய், குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்தும் உள்ளே வரவில்லை. தூறலில், தெருவில், வீட்டுக்கு நாலடி தள்ளி ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி துவட்டாத கூந்தலை முன்னால் எடுத்துப் பிழிந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள்தான் வெளியே வந்து பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள். "வாங்க. இப்ப வரலாம்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, செருப்பை வாசலுக்கு வெகு தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். சின்ன அறை, நிற்க இடமில்லை. மிஷின்காரர் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். காலையில் அவள் எப்போது விழித்தாள், என்ன கேட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று, ஒன்று விடாமல். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். தூக்கிப் போக வண்டி வந்து வெளியே நிற்கும் வரை சொன்னார். அந்தப் பெண்கள் ஈரத் தலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.